1,35,000 ரூபாய் எஸ்டிமேட், காணாமல் போன வால்வு: ஒரு பிஎஸ் 6 டீசல் காரின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஒரு 1.5 லிட்டர் டீசல் எஸ்யூவி, மேனுவல் கியர், 2020 கடைசியில் பதிவானது. வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிமுறை 2020 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்ததால் இந்த வண்டியின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்று எல்லோரும் சொல்லும் புகைத்துகள் வடிகட்டி இருக்கிறது. முதல் உரிமையாளர் மருந்து விற்பனைப் பிரிவில் இருந்தவர். கோவை, சேலம், திருச்சி என்று ஹைவேயிலேயே ஓட்டி 38,000 கிலோமீட்டர் ஆனதும் விற்றுவிட்டார். 2023-ல் அதை வாங்கியவர் வடவள்ளியில் இருக்கும் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், என் நண்பனின் அப்பா. அதே மாடலின் பெட்ரோல் வண்டியைவிட 1,20,000 ரூபாய் கூடக் கொடுத்து டீசலை எடுத்தார். "டீசல்னா மைலேஜ் கிடைக்குமுங்க தம்பி, வண்டியும் உழைக்கும்" என்பது அவர் கணக்கு.

ஒன்றரை வருடம் கழித்து, ஓடோமீட்டர் 42,500-ஐத் தாண்டிய நேரத்தில், டேஷ்போர்டில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சில நாட்களில் செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொண்டது. பிக்கப் போய்விட்டது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி 60-க்கு மேல் முக்கியது. சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 1,35,000 ரூபாய். அந்தத் தாளோடுதான் நண்பன் என்னிடம் வந்தான். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எஸ்டிமேட்டைப் படித்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று சொல்லும் வேலையை நண்பர்கள் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விளக்கு எரிவதற்கு முன்பே தெரிந்தவை

அவரிடம் உட்கார்ந்து பேசியதில்தான் பாதி விஷயம் கிடைத்தது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் சொல்லாததை ஓட்டுகிறவர் சொல்வார், சரியாகக் கேட்டால்.

வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் முன்னால் ஃபேன் சத்தமாக ஓடும் என்றார். ஏசி போட்டதால் என்று நினைத்திருக்கிறார். சில நாட்களில் நின்றுகொண்டிருக்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கும். கேட் திறந்து உள்ளே வரும்போது காய்ந்த வாசம், ஏதோ கருகின மாதிரி. மைலேஜ் குறைந்துகொண்டே வந்தது. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு, பழைய ஆள். ஆயில் குறையவே இல்லை, "நல்ல இன்ஜினுங்க" என்று சந்தோஷப்பட்டார். உண்மையில் ஆயில் ஏறியிருந்தது. மேல் கோட்டுக்கும் ஒரு விரல் கனம் மேலே.

இந்த ஐந்துமே ஒரே கதையின் துண்டுகள். டிபிஎஃப் என்பது பீங்கான் தேன்கூடு போன்ற பாகம். இன்ஜினிலிருந்து வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்து வைத்தது நிறைந்தால் எரித்துத் தீர்க்க வேண்டும். ஹைவேயில் தொடர்ந்து ஓடும்போது புகைக்குழாய்ச் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். அது போதாதபோது இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ தானாகவே வேலையை எடுத்துக்கொள்கிறது. வழக்கமான டீசல் பீய்ச்சலுக்குப் பிறகு, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில், இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, புகைக்குழாயின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றிக் கரியை எரிக்கும். ரீஜெனரேஷன் என்பது இதுதான். முடிய 15, 20 நிமிடம் தொடர்ச்சியான ஓட்டம் வேண்டும்.

நடுவில் வண்டியை நிறுத்தினால் அரைகுறையாக நிற்கும். அதனால்தான் ஃபேன் ஓடியது, வாசம் வந்தது, ஆர்பிஎம் ஏறியது. பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும், எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு ஏறியதற்கு அதுதான் காரணம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை நன்றாகவே தெரிந்தது.

அவருடைய ஓட்டத்தைக் கேட்டேன். காலையில் உழவர் சந்தை, மாலையில் பேரனை டியூஷனில் விட்டுக் கூட்டி வருவது, செவ்வாய்க்கிழமை மருதமலை. எதுவும் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாது. மாதம் 250 கிலோமீட்டர் தேறினால் அதிகம். டீசல் 500 ரூபாய்க்குப் போடுவார், ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகு மறுபடி 500. இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: டேங்கில் டீசல் மிகக் குறைவாக இருந்தால் பல மாடல்களில் ஈசியூ ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது.

இவ்வளவும் கேட்டதும், சரி, வழக்கமான கதை, ஊருக்குள் மட்டும் ஓடிய டீசல் வண்டி என்று யாரும் முடிவு கட்டிவிடலாம். சர்வீஸ் சென்டரும் அப்படித்தான் முடிவு கட்டியது.

எஸ்டிமேட்டும் இன்னொரு யோசனையும்

எஸ்டிமேட்டில் இருந்தது: டிபிஎஃப் அசெம்பிளி முழுதாக மாற்றுவது, பிரஷர் சென்சார், கூலி, வரி. உதிரி பாகங்களுக்கு அப்போது ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது. டிபிஎஃப் விலை அதிகம்தான், அதில் ஏமாற்று இல்லை. உள்ளே பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு இருக்கிறது. கேள்வி என்னவென்றால், 42,500 கிலோமீட்டரில் அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதுதான். சாதாரணமாக இதைப் போல மூன்று, நான்கு மடங்கு ஓட வேண்டிய பாகம் அது.

நடுவில் ஒரு வெளி மெக்கானிக் வேறு யோசனை சொன்னார். வடிகட்டியை அறுத்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, மறுபடி வெல்டு அடித்து, ஈசியூ மென்பொருளையும் மாற்றிவிடலாம், 25,000-ல் முடியும், பிக்கப்பும் கூடும் என்று. இந்த யோசனை எல்லா ஊரிலும் சுற்றுகிறது. சொல்கிறவர்கள் சொல்லாமல் விடுவது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களை அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பிடிபடுவோமா மாட்டோமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். விவரம் தெரிந்தவர் வாங்க வந்து ஸ்கேனரைச் செருகினால் மறுவிற்பனையில் விலை விழும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கரியை மூச்சில் இழுக்கப்போவது டியூஷன் வாசலில் நிற்கும் பிள்ளைகள். எனக்கு இந்த யோசனை கொஞ்சமும் பிடிக்கவில்லை, அவருக்கும்தான்.

ரிப்போர்ட்டின் இரண்டாவது வரி

எஸ்டிமேட்டோடு ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கச் சொன்னேன். தர வேண்டியதில்லை என்று முதலில் இழுத்தார்கள், அப்புறம் கொடுத்தார்கள். இதை எல்லோருமே கேட்டு வாங்க வேண்டும். எஸ்டிமேட் அவர்கள் முடிவு. ரிப்போர்ட் வண்டி சொன்னது.

அதில் இரண்டு பிழைக் குறியீடுகள் பதிவாகியிருந்தன. முதலாவது பி2463: வடிகட்டியில் கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எஸ்டிமேட் முழுவதும் இதை நம்பித்தான் எழுதப்பட்டது. இரண்டாவது பி0128. இதற்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் அடித்துவிட்டு யாரும் எதுவும் செய்யவில்லை. பி0128 என்றால், ஓடி இவ்வளவு நேரமாகியும், இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரான கூலன்டின் சூடு வர வேண்டிய அளவுக்கு வரவில்லை என்று பொருள்.

சூடு ஏறினால் பதறும் ஊர் நம்முடையது. ரேடியேட்டர் கொதித்தால் ஓரங்கட்டி பானட்டைத் திறக்கிறோம். சூடு ஏறாத இன்ஜினைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை; நம்ம வண்டி சூடே ஆகாது என்று பெருமையாகச் சொல்கிறவர்களே அதிகம். இவருடைய வண்டியில் டெம்பரேச்சர் கோடு எப்போதும் பாதிக்குக் கீழேயே நின்றது. அதையும் நல்ல அடையாளம் என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

டீசல் இன்ஜினுக்கு, அதுவும் பிஎஸ் 6-க்கு, குளிர்ச்சி நல்லதல்ல. கூலன்ட் ஒரு குறிப்பிட்ட சூட்டை எட்டாதவரை ஈசியூ ரீஜெனரேஷனை அனுமதிக்காது. பல வண்டிகளில் அந்த எல்லை 70 டிகிரியை ஒட்டி இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் எரிப்பும் முழுமையாக இருக்காது, கரி கூடுதலாக வரும். ஆக, ஒரு பக்கம் குப்பை அதிகமாகச் சேர்கிறது, மறுபக்கம் எரிக்க அனுமதி கிடைப்பதே அபூர்வம். இப்படி இருக்கையில் புது டிபிஎஃப் போட்டாலும் அதுவும் ஒன்றிரண்டு வருடத்தில் இதே நிலைக்குத்தான் வரும்.

சிங்காநல்லூர் பக்கம் டீசல் வேலையில் கைதேர்ந்த ஒருவர் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டு போனோம். எதையும் கழற்றாமல் ஸ்கேனரை மாட்டி, லைவ் டேட்டாவில் கூலன்ட் சூட்டை வைத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டினார். ஏற்றத்தில், லோடில், 68 வரை போனது. சமதளத்தில் கொஞ்ச நேரம் மெதுவாக விட்டதும் 61-க்கு இறங்கியது. இது 85-90-ல் அசையாமல் நிற்க வேண்டும். "சூடாகறதுக்கு முந்தியே தண்ணி சுத்துதுங்ணா, வால்வு தெறந்தே கிடக்குது" என்றார். இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைப்பது தெர்மோஸ்டாட் வால்வு; அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு.

ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே வால்வே இல்லை.

வண்டியோடு வந்த பழைய பில்களை மறுபடி எடுத்துப் பார்த்தோம். முதல் உரிமையாளர் விற்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, கூலன்ட் லீக்குக்காக ஒரு ரோட்டோரப் பட்டறையில் ஹோஸ் மாற்றியிருக்கிறார். வால்வைப் பற்றி பில்லில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் கை வைத்ததற்குப் பதிவாக இருந்த வேலை அது ஒன்றுதான். நம் பட்டறைகளில் இது பழைய வழக்கம்: நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். பழைய அம்பாசடர் காலத்து டீசல்களில் இதனால் பெரிதாக எதுவும் குடிமுழுகவில்லை. மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும், இன்ஜின் தேய்மானம் கூடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பிஎஸ் 6 வண்டியில் அதே காரியம் ஒரு லட்ச ரூபாய் பாகத்தைக் கொல்லும். முதல் உரிமையாளருக்கு ஏன் பிரச்சினை வரவில்லை என்றால், அவர் ஓட்டம் ஹைவே. நீண்ட ஓட்டத்தில், முழு லோடில், எப்படியோ சூடு வந்துவிட்டது.

செய்த வேலை, அதன் வரிசை

வரிசை முக்கியம், ஏனென்றால் தவறான வரிசையில் செய்தால் இன்ஜினுக்கே ஆபத்து.

முதலில் சிங்காநல்லூர்க்காரர் வால்வும் கேஸ்கெட்டும் போட்டு, புது கூலன்ட் நிரப்பி, அந்தப் பாதையில் இருந்த காற்றை எடுத்தார். அடுத்து ஆயில். டீசல் கலந்த ஆயிலோடு ரீஜெனரேஷன் செய்யக்கூடாது. அந்த வேலையின்போது இன்னும் கொஞ்சம் டீசல் உள்ளே இறங்கும், ஏற்கெனவே மேல் கோட்டைத் தாண்டிய ஆயில் இன்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டுத் தானாகவே எரிய ஆரம்பித்தால், சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது. பழைய ஆயிலை வடித்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது.

இங்கே இன்னொரு விஷயமும் வெளிவந்தது. போன தடவை வீட்டுப் பக்கத்துக் கடையில் ஆயில் மாற்றிய பில்லில் 15டபிள்யூ-40, சிஐ-4 என்று இருந்தது. பழைய லாரிகளுக்கும் பழைய டீசல் கார்களுக்கும் அது நல்ல ஆயில். டிபிஎஃப் உள்ள கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். இந்த வண்டியின் கையேடு 5டபிள்யூ-30, ஏசிஇஏ சி3 கேட்கிறது. காரணம் எளிது. கரி எரிந்து போகும், ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல் போகாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும், எத்தனை முறை ரீஜெனரேஷன் செய்தாலும் சரி. ஸ்கேனர் காட்டும் சாம்பல் அளவை நம்பியும் பயனில்லை. பெரும்பாலான வண்டிகளில் அது அளந்து சொல்வதல்ல, ஓடிய தூரத்தை வைத்து ஈசியூ போடும் கணக்கு. எந்த ஆயில் ஊற்றினோம் என்பது ஈசியூவுக்குத் தெரியாது. இந்த வண்டியில் அந்த ஆயில் ஓடியது சில ஆயிரம் கிலோமீட்டர்தான் என்பதால் தப்பித்தது.

அப்புறம்தான் ஸ்கேனர் வழியாக, நின்ற இடத்திலேயே கட்டாய ரீஜெனரேஷன். பட்டறைக்கு வெளியே, சிமென்ட் தரையில், பின்னால் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தித்தான் செய்தார். காய்ந்த புல்லின் மேல் நிறுத்திச் செய்தால் தீப்பிடிக்கலாம். இதைச் செய்யலாமா என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கரி எல்லைமீறிச் சேர்ந்திருந்தால் ஈசியூவே மறுத்துவிடும்; அப்போது வடிகட்டியைக் கழற்றி வெளியே சுத்தம் செய்வதுதான் வழி, வலுக்கட்டாயமாக எரித்தால் பீங்கான் உருகி வெடித்துவிடும். நம் வண்டி வரம்புக்குள் இருந்தது. ஐடிலில் வடிகட்டியின் முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 2.9 கிலோபாஸ்கலாக இருந்தது, முடிந்தபோது 0.6. பிரஷர் சென்சாரைத் தொடவே இல்லை. அதன் ரப்பர் ஹோஸ்களை ஊதிப் பார்த்தார், நன்றாக இருந்தன.

பில்: தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் 1,900, கூலன்ட் 1,400, ஆயிலும் ஃபில்டரும் 5,200, ஸ்கேன், ரீஜெனரேஷன், கூலி எல்லாம் சேர்த்து 4,500. மொத்தம் 13,000 ரூபாய். திரும்பி வரும்போது டெம்பரேச்சர் கோடு நடுவில் வந்து நின்றது. அதைப் பார்த்து அவர் "சூடாகுதுங்களே" என்று பயந்துவிட்டார்.

சர்வீஸ் சென்டர் வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். பிழைக் குறியீடு வந்தால் அதற்குரிய பாகத்தை மாற்று என்பது அங்கே பழகிப்போன முறை. ஏன் அடைத்தது என்று தேடுவதற்கு ஒரு டெக்னீஷியனுக்கு அரை நாள் வேண்டும், அந்த அரை நாளுக்கு எஸ்டிமேட்டில் கட்டம் கிடையாது. ஆனால் டிபிஎஃப் மாற்றச் சொன்னால், அது ஏன் அடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மீதி இருந்த கணக்கு

வால்வு போட்டாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டம் என்பது அப்படியேதான் இருக்கிறது. நல்ல தெர்மோஸ்டாட் இருந்தாலும் அந்தத் தூரத்தில் ரீஜெனரேஷன் முடியாது. மருதமலை ஏற்றமும் உதவாது, சூடு வருவதற்குள் மேலே போய்விடுகிறோம்.

வாரத்துக்கு ஒரு நாள் ஹைவேயில் ஓட்டுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். ஐந்தாவது கியரில், 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி, 60-க்குக் குறையாமல் அரை மணி நேரம். அது வேலை செய்யும். ஆனால் காசுக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு, அதனால் போட்டோம்.

மாதம் 250 கிலோமீட்டர். இப்படிக் குறுகிய ஓட்டத்தில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம், டீசல் 14. பெட்ரோல் 100, டீசல் 92 ரூபாய் என்று எடுத்தால், மாதச் செலவு முறையே 2,270, 1,640 ரூபாய். டீசலால் மிச்சம் மாதம் 630. வருடத்துக்கு 7,500 ரூபாய் சொச்சம். கூடக் கொடுத்த 1,20,000-ஐ இதில் மீட்க 16 வருடம் ஆகும். ஆர்சி புதுப்பிக்காமல் செல்லுபடியாவது 15 வருடம், அதிலும் இது ஏற்கெனவே ஓடிய வண்டி.

இதில் ஹைவே ஓட்டத்தைச் சேர்த்தால் கதை இன்னும் மோசம். நீலாம்பூர் தாண்டி அவிநாசி வரை போய் வந்தால் வடவள்ளியிலிருந்து 90 கிலோமீட்டருக்குக் குறையாது. லிட்டருக்கு 18 என்று பார்த்தாலும் ஒரு முறைக்கு 460 ரூபாய் டீசல், கணியூர் டோல் தனி. மாதம் இரண்டு முறை போனால் 920. டீசலால் மிச்சமாகும் 630-ஐவிட இது கூடுதல். அதாவது, டீசல் வண்டியின் ஆரோக்கியத்துக்காக எரிக்கும் டீசல், டீசல் வாங்கியதன் லாபத்தைத் தின்றுவிடுகிறது. மாருதி சுசூகி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் பிஎஸ் 6-க்கு மாற்றும் செலவும் ஒன்று. சிறிய கார் வாங்குகிறவரின் ஓட்டத்துக்கு அந்தச் செலவு கட்டாது என்பதை அவர்கள் முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். வாங்குகிறவர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறோம். என்னைக் கேட்டால், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறைவாகவும் அதில் பெரும்பகுதி ஊருக்குள்ளும் ஓட்டுகிறவருக்கு பிஎஸ் 6 டீசல் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

விற்றுவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. விற்றால் நஷ்டம், புதிதாக வாங்கினால் சாலை வரி, இன்சூரன்ஸ். நண்பனின் மனைவிதான் தீர்வைச் சொன்னார். நண்பன் வாரத்தில் மூன்று நாள் ஈரோட்டுக்குப் போய் வருகிறவன், அவனிடம் இருப்பது பெட்ரோல் ஹேட்ச்பேக். மாமனாரிடம் ஹேட்ச்பேக், மகனிடம் எஸ்யூவி என்று மாற்றிக்கொண்டால் ஒரு ரூபாய் செலவில்லை. ஒரே வீடுதான், ஆர்சி மாற்றம் கூடத் தேவைப்படவில்லை. யார் ஓட்டினாலும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் இன்சூரன்ஸ் பொருந்தும்.

அவருக்கு மனசே இல்லை. உயரமாக உட்கார்ந்து ஓட்டிப் பழகிவிட்டார், ஹேட்ச்பேக்கில் இறங்கி ஏறினால் முட்டி வலிக்கிறது என்றார். சீட்டுக்கு ஒரு குஷன் வாங்கிப் போட்டதும் கொஞ்சம் சமாதானம். எஸ்யூவி அதற்குப் பிறகு மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆயில் டிப்ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது, ஏறவில்லை. அடுத்த சர்வீஸில் ஐடில் அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்: 0.6-லிருந்து கூடியிருந்தால் மறுபடி கரியோ சாம்பலோ சேர்கிறது என்று பொருள், ரீஜெனரேஷனுக்குப் பிறகும் இறங்காவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.